ஏழாம் நம்பர் மலை அணிலின் வாக்குமூலம்

“என்னோட நாப்பத்தொரு வருச சர்வீசுல, குறுக்கு விசாரணையில தடுமாறாத ஒரே சாட்சி ஒரு அணில்தான். தேயிலைப் பெட்டிமேல ஏறி நின்னுச்சு. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா வச்சுச்சு. ஒரே ஒரு வார்த்தை சொல்லிச்சு. தொரை வாயடைச்சுப் போயிட்டாரு. அந்த வார்த்தைய இந்த வாயாலதான் சிங்களத்துல சொன்னேன்.”

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள சலூனில், முகத்தில் பாதி நுரையோடு சவரிமுத்து முதலியார் இப்படிச் சொன்னபோது, சிரிக்காமல் இருந்தவர் கத்தி பிடித்தவர் மட்டும்தான். அவரும் சிரித்தால் முதலியாரின் காது போய்விடும்.

முதலியார் என்பது இங்கே சாதியில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மாற்றிச் சொல்கிற உத்தியோகத்துக்குப் பழைய பெயர். எந்திரங்கள் வந்து அந்த உத்தியோகத்தைத் தின்று ஏப்பம் விட்ட பிறகும் பெயர் மட்டும் சவரிமுத்துவின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்கிறவர் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மைக்குக் கொஞ்சம் உரம் போடுவார், அவ்வளவுதான். அதுவும் நீதிமன்றத்துக்கு வெளியேதான். சத்தியம் செய்துவிட்டால் அவர் வேறு ஆள். சாட்சி தும்மினால் தும்மலைக்கூட இம்மி பிசகாமல் சிங்களத்தில் தும்முவார்.

இனி, நடந்தது.

இரண்டாயிரத்து நாற்பத்தாறாம் வருடம். செவ்வாய்க் கிரகத்தில் ஆட்கள் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்கள். குடைக்காரன் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில், இன்னும் ஏழு பேர் ஒருவர் காலில் ஒருவர் தலைவைத்துப் படுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறைக்குச் சொந்தக்காரி என்று சொல்ல முடியாது, குடியிருப்பவள் இராசமலர். கொழுந்து பறிக்கிறவள். முதலியாரின் அக்கா மகள்.

அவளுக்கும் இன்னும் இருபத்தொரு குடும்பத்துக்கும் தனி வீடு கட்ட, ஏழாம் நம்பர் மலையில் நிலம் தருவதாகத் தோட்டக் கம்பெனி கடைசியில் ஒத்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் மலை என்றால் மலையில்லை, ஒரு துண்டு நிலம். ஏழாம் நம்பரில் தேயிலை கிடையாது. றோட்டுக்கு மேலே பழைய காடு, றோட்டுக்குக் கீழே கம்பெனி நட்ட யூகலிப்டஸ். வீடுகளுக்கென்று வரைபடத்தில் கோடு போட்டிருந்தது மேல்பாதியில்.

அங்கேதான் அணில் குறுக்கே வந்தது.

இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத சின்ன அணில் அது. கைக்குள் பொத்தினால் வால் மட்டும் வெளியே நிற்கும். உடம்பெல்லாம் கருத்த பழுப்பு. முதுகில் மூன்று கோடு இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். சேது கட்டிய அணிலின் முதுகை இராமர் தடவிய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே? இது அன்றைக்குப் பெரட்டுக்கு வராத அணில் என்று தோட்டத்தில் சொல்வார்கள். பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடம். மற்ற அணிலெல்லாம் வரிசையில் நின்று தடவல் வாங்கியபோது, இது கிளையில் மல்லாந்து கிடந்து, கடைசியில் அவசரமாக ஓடிவந்து, போகிற கையில் லேசாக உரசிக்கொண்டதாம்.

அந்த வருடம் புதுச் சட்டம் வந்திருந்தது. ஒரு காட்டை வெட்டுவதற்கு முன் அங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்க வேண்டும். குடியிருக்கிறவர்கள் என்றால் மனிதர்கள் அல்ல. கேட்பதற்கு ஒரு கருவியும் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டொக்டர் யோகசௌந்தரி, ஆறு வருடம் மரத்துக்கு மரம் தொங்கிக் கண்டுபிடித்தது. ஓர் அணில் மொத்தம் பதினொரு விதமாகச் சத்தம் போடும் என்பது அவள் முடிவு. பருந்துக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று, என் கிளை என்பதற்கு ஒன்று, இப்படி. கருவி அதைக் கேட்டுத் தமிழில் சொல்லும். நாம் சொல்வதை அணில் சத்தமாகத் திருப்பிக் கத்தும். பன்னிரண்டாவது சத்தம் என்று யாராவது வாய் திறந்தால் டொக்டருக்குக் கெட்ட கோபம் வரும். அடுத்த மாதம் கொழும்பில் பெரிய சபையில் அவள் வாசிக்கப்போகிற கட்டுரைக்குப் பெயரே ‘பதினொன்று’.

விசாரணை அதிகாரி ஹேவகே ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. சட்டப்படி, சாட்சி சொல்வதை மாற்றிச் சொல்கிறவர் சத்தியம் செய்ய வேண்டும். எந்திரம் சத்தியம் செய்யாது. ஆகவே, தூசி தட்டி எடுத்தார்கள் முதலியாரை.

செய்தி தெரிந்த அன்று மாலையே இராசமலர் வந்துவிட்டாள்.

“மாமா, அணிப்புள்ள என்னத்தக் கத்துனாலும் நீங்க ‘சரி’ன்னு சொல்லிருங்க.”

“சத்தியம் பண்ணிட்டு அப்பிடிச் சொல்ல முடியாது, மலரு.”

“சலூன்ல மட்டும் வாயத் தொறந்தா ஆயிரம் விடுறீங்க?”

“சலூன்ல எவனும் சத்தியம் கேக்குறதில்ல.”

“மருமகளுக்கு இது மாசம். கூரையில ஏற்கெனவே ரெண்டு தொட்டிலு தொங்குது. மூணாவதக் கட்டணும்னா என் கழுத்துலதான் கட்டணும்.” முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். “நாலு தலமொறையா நாங்களுந்தான் கத்துறோம். எவனாச்சும் டப்பா கொண்டாந்து வச்சுக் கேட்டானா? அணிப்புள்ளக்கி மட்டும் ஒரு டப்பா, ஒரு டொக்டரு, மொழிபெயர்க்க ஒரு முதலியாரு!”

அவள் போன பிறகு முதலியார் தன் கறுப்புக் கோட்டை எடுத்துப் பார்த்தார். அந்துப்பூச்சி அதில் இலங்கை வரைபடத்தையே அரித்து வைத்திருந்தது. அவருக்கு முதல்தடவையாக, ஒரு வழக்கில் இன்னார் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அந்த ஆசை மொழிபெயர்ப்பாளருக்கு வரக்கூடாத வியாதி.

விசாரணை காலை ஒன்பது மணிக்கு, மேல்பாதிக் காட்டு ஓரத்தில். மேசைக்குப் பதில் ஒரு தேயிலைப் பெட்டி, அதன்மேல் கருவி. இருபதாயிரம் பேர் திரண்டிருந்தார்கள் என்று முதலியார் பிற்பாடு சொல்வார். பெரட்டுப் புத்தகத்தின்படி நூற்றெழுபது. வெள்ளைத் தொப்பியும் அடக்கமான குரலுமாகத் தோட்டத்து மனேஜர் தொரை பிரேம்நாத் எழுந்தார்.

“நாங்க குடுக்கத் தயார். பிளான் இருக்கு, மனசும் இருக்கு. அணில் மட்டும் சம்மதிக்கட்டும், நாளைக்கே கல்லு நடுவோம். சம்மதிக்கல்லன்னா சட்டப்படி பத்து வருசத்துக்கு மறுபடி விண்ணப்பம் போட ஏலாது. நான் என்ன செய்ய?”

முதலில் படிவம். மனிதச் சாட்சிக்கு அச்சடித்த அதே படிவம். ஹேவகே ஐயா கேட்கக் கேட்க முதலியார் முகம் கோணாமல் நிரப்பினார். பெயர்: அணிற்பிள்ளை. தகப்பன் பெயர்: தாய்க்கே தெரியாது. தொழில்: பழம் தின்னுதல். இதற்கு முன் குற்றம் ஏதும் செய்ததுண்டா என்ற கேள்விக்கு, கூட்டத்திலிருந்து ஒரு பெண், “எங்க வீட்டுக் கொய்யா பூராவும்!” என்று கத்தினாள். அதுவும் பதிவாயிற்று.

டொக்டர் யோகசௌந்தரி கருவியைத் தட்டினாள். கருவி மரங்களைப் பார்த்து அணில் பாஷையில் கீச்சிட்டது. இது யாருடைய கிளை என்ற கேள்வியைத் தமிழிலும் சொல்லியது. “ஆரின்ர கொப்பு?”

காடு முழுக்க ஒரே நேரத்தில் பதில் வந்தது. “என்ர கொப்பு! என்ர கொப்பு! என்ர கொப்பு!”

“அடியாத்தே, நம்ம மல அணிலு எப்படி யாழ்ப்பாணம் போயிட்டு வந்துச்சு?” என்றாள் கொய்யாக்காரி. சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. கருவிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் யாழ்ப்பாணத்துக்காரி, வேறெப்படிப் பேசும்?

அடுத்து, மனிதரைக் கண்டால் அணில் போடுகிற சத்தத்தையும் மரம் வெட்டுகிற ஓசையையும் சேர்த்துக் கருவி போட்டது. வெட்ட வருகிறார்கள், என்ன சொல்கிறீர்கள் என்பது பொருள். அவ்வளவுதான். மேலே கிளைகளெல்லாம் பிய்ந்து விழுகிற மாதிரிக் கூச்சல். வாலைச் சொடுக்கிச் சொடுக்கி அவை கத்திய கத்தலில் காய்ந்த இலை கொட்டியது. கருவி சொன்னது: “பேசிப்போட்டம்! நல்லாப் பேசிப்போட்டம்!”

முதலியாரின் காதில் தேன் வார்த்தது. பேசிப் போட்டார்கள். பேசி முடித்தாயிற்று. கலியாணம் பேசி முடிக்கிற மாதிரி. அவர் நெஞ்சை நிமிர்த்திச் சிங்களத்தில் சொன்னார்: “சாட்சிகள் தங்களுக்குள் நன்றாகப் பேசி முடிவுக்கு வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.”

கூட்டம் கைதட்டியது. இராசமலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேவகே ஐயா எழுதத் தொடங்கினார். தொரையின் முகம் மட்டும், ஏனோ, அடுப்புக்கரி மாதிரிக் கறுத்தது.

டொக்டர் முதலியாரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். “முதலியார் ஐயா, பிழை விட்டிட்டியள். அது சம்மதம் இல்லை.”

“பேசியாச்சுன்னுதானே சொல்லுது?”

“எங்கட ஊரிலை பேசுறது எண்டால் ஏசுறது. அம்மா என்னைப் பேசினவா எண்டால், அம்மா என்னை ஏசினவா எண்டுதான் அர்த்தம். அணில் உங்கள் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டு நிக்குது.”

முதலியாருக்கு அந்துப்பூச்சி அரித்த ஓட்டைகள் வழியாகவெல்லாம் குளிர் புகுந்தது. இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் இந்த மலையில் இரண்டே பேர். ஹேவகே ஐயாவின் பேனா பாதி வரியில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், இருபத்திரண்டு வீடு. டொக்டர் எதிர்த்தாலும், சத்தியம் செய்தவர் சொல்தான் நிற்கும். இராசமலர் அங்கிருந்து அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் ஆயுளில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. கால் நிமிடம் இருக்கும்.

“கனம் ஐயா,” என்றார் சிங்களத்தில், “பிழை என்னுடையது. சாட்சிகள் சம்மதிக்கவில்லை. ஏசுகிறார்கள். மிகவும் கெட்ட வார்த்தைகளில்.”

அதையே தமிழிலும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது இராசமலர் கும்பிட்ட கையை இறக்கினாள். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, றோட்டைத் தாண்டி, கீழ்ப்பாதி யூகலிப்டஸ் நிழலில் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

தொரை மறுபடி வெளுத்திருந்தார். சிரித்தேவிட்டார். “பாவம், சனங்க. நாங்க நெனச்சிருந்தோம். அணில் விடல்ல.”

நாற்பத்தொரு வருடம் சாட்சிகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் முதலியார். சம்மதம் என்றபோது கறுத்து, ஏச்சு என்றபோது வெளுத்த முகத்துக்கு என்ன பொருள் என்று அவருக்கு அகராதி தேவையில்லை. கம்பெனிக்கு நிலம் கொடுக்கிற எண்ணமே இல்லை. அணில் மாட்டேன் என்று சொல்லும் இடமாகப் பார்த்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். கொடுக்காத பழியும் அணில் தலையில்.

“கனம் ஐயா, சட்டத்தில் ‘அந்த நிலம் முழுவதும்’ என்று இருக்கிறது. ஏழாம் நம்பர் மலை றோட்டுக்குக் கீழேயும் உண்டு. அங்கே இன்னும் கேட்கவில்லை.”

“அது வெறகுக் காடு!” தொரையின் அடக்கமான குரல் முதல்முறையாக மேலே போனது. “அங்க அணிலே கெடயாது. யாரக் கேக்கப் போறீங்க?”

“கேட்போம். பதில் வராவிட்டால், சாட்சி மௌனம், ஆட்சேபணை இல்லை என்று எழுதுவோம். எத்தனை வழக்கில் எழுதியிருக்கிறேன்.”

“மௌனமா இருக்கவும் ஒரு சாட்சி வேணும், முதலியார். ஆளே இல்லாத எடத்துல மௌனம் எப்படி வரும்?”

ஹேவகே ஐயா தாடையைத் தடவினார். தொரை சொன்னது நியாயம்தான். கூண்டில் ஆள் வேண்டும். ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்றார். பெட்டியையும் கருவியையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் கீழே இறங்கினார்கள். தைல வாசம் மூக்கைத் துளைத்தது. குருவிகூட இல்லை. பெட்டியை இறக்கிக் கருவியைத் தரையில் எடுத்து வைத்து டொக்டர் கம்பி இணைத்துக்கொண்டிருந்தபோது, இராசமலர் கோபத்தோடு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“மலரு,” என்றார் முதலியார்.

“பேசாதீங்க மாமா. நம்ம ஊர்ப் பேச்சும் வேணாம், அவுங்க ஊர்ப் பேச்சும் வேணாம்.” ஒரு துண்டு ரொட்டியை அவர் காலடியைப் பார்த்து எறிந்தாள். “அந்த அணிப்புள்ளக்கே குடுங்க. ஒங்களுக்கு அதுதான ஒறவு.”

எறிந்த துண்டு போய் விழுந்தது தேயிலைப் பெட்டிமேல். தேங்காய் போட்டுச் சுட்ட ரொட்டி. அந்த மணம் றோட்டைத் தாண்டி மேல்காட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். முதலியார் சொல்கிறபடி, அங்கிருந்து ஓர் அணில் சிறுத்தை மாதிரி நடந்து வந்தது. நூற்றெழுபது பேருக்கு நடுவே, இரண்டு பக்கமும் பார்த்து, றோட்டைக் கடந்து, தொரை காலில் போட்டிருந்த சப்பாத்தை ஒரு தடவை முகர்ந்து, பிடிக்காமல் ஒதுங்கி, பெட்டிமேல் ஏறி, ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. கிழட்டுப் பெண் அணில்.

டொக்டர் கிசுகிசுத்தாள். “நான் இப்ப மெசினிலை ‘இது என்ர கொப்பு’ எண்டு போடுறன். தன்ர இடம் எண்டால் உடனை சண்டைக்கு வரும். ஆறு வருசத்திலை இதைக் கேட்டுட்டுச் சும்மா இருந்த அணிலை நான் காணேல்லை.”

கருவி கீச்சிட்டது: இது என் கிளை.

அணில் மென்றது.

“சாட்சி மௌனம்,” என்றார் முதலியார் சிங்களத்தில், கோயில் மணி அடிக்கிற மாதிரி.

“வாய்ல ரொட்டி வச்சிருக்கு! எப்படிப் பேசும்?” என்றார் தொரை.

அது நல்ல ஆட்சேபம். முழுங்கும்வரை காத்திருக்க உத்தரவானது. அணில் முழுங்கியது. மீசையைத் துடைத்தது. கருவி இரண்டாம் முறை: இது என் கிளை. அணில் தலையைச் சாய்த்து யூகலிப்டஸ் மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தது. காயில்லை, பழமில்லை, படுக்க ஒரு பொந்தில்லை.

மூன்றாம் முறை கேட்டபோது அது இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்து நிமிர்ந்து நின்றது. கண்ணாடி வளையல் இரண்டு லேசாக உரசினாற்போல ஒரு சத்தம் போட்டது. ஒரே ஒரு தடவை. பிறகு இறங்கி, வந்த வழியே, அவசரமில்லாமல் நடந்து போனது.

கருவி வாய் திறக்கவில்லை. திரை வெறுமையாக இருந்தது.

முதலியார் ஹேவகே ஐயாவின் பக்கம் திரும்பினார். “சாட்சி சொல்கிறார்: ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.’”

“பொய்!” தொரை தொப்பியைக் கழற்றிவிட்டார். “மெசின்ல ஒண்ணுமே வரல்ல. இந்தாளு ஹட்டன் டவுனுக்கே தெரிஞ்ச புளுகர். அணிலுக்குப் பதினோரு சத்தம்தான்னு இந்த டொக்டரே எழுதியிருக்காங்க. பன்னெண்டாவது எங்கேருந்து வந்துச்சு?”

ஹேவகே ஐயா பேனாவை மூடினார். அணில் இந்தப் பாதியை விட்டுக்கொடுத்தது உண்மையென்றால், விண்ணப்பத்தை இன்றைக்கே கீழ்ப்பாதிக்கு மாற்றி உத்தரவு போடலாம் என்றார். இல்லையென்றால் பத்து வருடம். கருவியைச் செய்தவர் சத்தியம் செய்யட்டும்.

டொக்டர் யோகசௌந்தரி பெட்டியின் பக்கத்தில் வந்து நின்றாள். காலையிலிருந்து முதலியாரை நம்பாதவள். நம்பாமல் இருப்பதையே தொழிலாக வைத்திருப்பவள். ஹேவகே ஐயா கேட்க, முதலியார் தமிழில் சொன்னார். தன் வழக்கிலேயே தனக்கு எதிராக வரக்கூடிய கேள்வியை, ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல்.

“அணில் சத்தம் போட்டதா என்று ஐயா கேட்கிறார்.”

“மெசின் காட்டேல்லை.”

“மெசினைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறார்.”

அவள் மேல்காட்டைப் பார்த்தாள். அங்கே இன்னும் ஒன்றிரண்டு அணில்கள் ஏசிக்கொண்டிருந்தன. கீழே, இராசமலர் ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

“மூண்டு வருசத்துக்கு முதல் ஒருக்கால் கேட்டனான்,” என்றாள் டொக்டர். “ஒரு தாய் அணில். கூட்டைக் குட்டிக்கு விட்டிட்டு வேறை மரத்துக்குப் போகேக்கை, வாசலிலை நிண்டு இப்பிடித்தான் ஒரு சத்தம் போட்டது. பிறகு ஒரு நாளும் கேக்கேல்லை. ஒருக்கால் வந்ததை வச்சு என்ன செய்யிறது எண்டு, இரைச்சல் எண்டு போட்டு நான்தான் அழிச்சனான். மெசினுக்கு அது கேக்காமல் போனதும் என்னாலைதான்.”

“கட்டுரையில் பதினொன்று என்று இருக்கிறதே, என்று கேட்கிறார்.”

“இருக்குது. கிழிச்சுப்போட்டு திரும்ப எழுதவேணும்.” அவள் முதலியாரைப் பார்த்தாள், அந்துப்பூச்சிக் கோட்டை, இத்தனைக்கும் நடுவே சிரிப்பை அடக்கமாட்டாத கண்ணை. “இவர் கூட்டிச் சொல்லேல்லை ஐயா. அணில் வந்தது, ஏறி நிண்டது, சொன்னது. நானும் கேட்டனான். நடந்தது.”